ஃபினாலே மேட்ச் 4.49, 4.50, 4.51: மூன்று டின், ஒரு பேரல்

எச் அண்ட் என் கம்பெனியின் ஃபினாலே மேட்ச் ரைபிள் பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளில் போடுகிற சின்ன ஈயக் குண்டை, ஒரு வருஷத்துக்கு மேலாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். நல்ல பெல்லட். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும், ஏனென்றால் இதே பெல்லட்டில் எங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவராத அளவை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்கோர் ஏறவில்லையே என்று எட்டு மாதம் என் மகளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதம் வேறு எந்தப் பிள்ளைக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தண்டையார்பேட்டை. நான் திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. 60 குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654. அவள் 605, 606 என்று நின்றுவிட்டாள். கோச் சார் நிற்கும் நிலையைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், டிரிக்கரைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். அவளும் அழாத குறையாக, "அப்பா, நான் சரியாத்தான் விட்டேன், நடுவுல போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது, ஆனா ஸ்க்ரீன்ல 10.2னு காட்டுது" என்பாள். நான் நம்பவில்லை. நம்பியிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இந்தப் போட்டியின் பத்து என்பது இலக்கின் நடுவில் இருக்கிற அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0, மையத்தோடு மையம் சேர்ந்தால் 10.9. நடுவில் ஒவ்வொரு 0.1க்கும் கால் மில்லிமீட்டர்தான். பட்டறையில் கால் மில்லிமீட்டர் என்றால் எங்களுக்குக் கிணறு மாதிரி, அதில் ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும். அப்படியிருக்க, பெல்லட் பேரலுக்குப் பொருந்தாமல் சராசரியாக ஒரு குண்டுக்குக் கால் மில்லிமீட்டர் விலகினாலும் 60 குண்டில் 6 புள்ளி போகிறது. 6 புள்ளி என்றால் மாநிலப் போட்டியில் பைனலுக்கும் வீட்டுக்கும் இருக்கிற தூரம்.

முதல் டின் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். 0.177 (4.5 மில்லிமீட்டரையே அங்குலத்தில் சொல்வது) ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் பெல்லட் வாங்குவதில் சிக்கல் ஒன்றுமில்லை. எந்த அளவு வேணும் என்று கடைக்காரர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த முறை தலை அளவு என்று ஆரம்பித்ததும், "எல்லாம் ஒரே ஈயம்தான்ணா, இருக்கிறதை எடுத்துட்டுப் போங்க" என்றார். டின்னின் பின்னால் சின்ன லேபிள் ஒட்டியிருக்கும், அதில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். அது பெல்லட்டின் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். பேரலின் உள்ளே இருக்கிற வரிகளைப் பிடித்துக்கொண்டு சுழல்வதற்கு அந்தத் தலை சரியாக உட்கார வேண்டும். இறுக்கமானாலும் கெடும், தளர்ந்தாலும் கெடும். ஒரே கம்பெனி செய்த ஒரே மாடல் துப்பாக்கியிலும் ஒவ்வொரு பேரலுக்கும் விருப்பம் மாறும். அதனால் இன்னாருக்கு எந்த அளவு நன்றாக இருந்தது என்று கேட்டு வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

நம் தொழில் மைக்ரோமீட்டர் ஆயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தேன். நடக்காது. ராட்செட்டை இரண்டு கிளிக் திருப்புவதற்குள் ஈயம் அமுங்கிவிடுகிறது, 4.50 என்று போட்டது 4.48 காட்டும், அதையே மறுபடி அளந்தால் 4.47. ஸ்டீலை அளக்கிற கையை வைத்துக்கொண்டு ஈயத்தை அளக்க முடியாது. தராசிலும் நிறுத்துப் பார்த்தேன், 0.53 கிராம் போட்டிருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாமே அதைத்தான் காட்டியது. 10 மீட்டர் தூரத்துக்கு ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது நேர விரயம் என்பது என் முடிவு. கண்ணால் பார்த்தாலே போதும்: பின்பக்கம் ஸ்கர்ட் என்று சொல்கிற மெல்லிய விளிம்பு இருக்கிறதே, அது நசுங்கியிருந்தால் தனியே எடுத்துப் போடுங்கள். காற்று தள்ளுவது அந்த விளிம்பில்தான், அது கோணினால் குண்டு வெளியே வரும்போதே கோணலாக வரும்.

அப்புறம்தான் சரியான வழிக்கு வந்தேன். எங்கள் ரேஞ்சில் மூன்று பெற்றோர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டின், ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு என்று வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டோம். பட்டறையில் ஒரு கிளாம்ப் செய்தேன், கனமான எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தட்டில் இரண்டு தாடை, உள்பக்கம் தோல் ஒட்டியது, துப்பாக்கியின் கட்டையைக் கழற்றிவிட்டு மெக்கானிசத்தை அதில் பிடிக்கலாம். ஆள் கை படக் கூடாது என்பதுதான் விஷயம். கோச் சாரைக் கூட வைத்துக்கொண்டு, மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு அளவுக்குப் பத்துப் பத்தாக இரண்டு குரூப் சுட்டோம். குரூப் என்றால் ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் சுடுகிற குண்டுகள், அவை எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் கணக்கு. ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பேரலைத் துடைத்து, முதல் ஏழெட்டு குண்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம், பேரல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும்.

4.51இல் பத்துக் குண்டும் சேர்ந்து போட்ட ஓட்டையின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் 7 மில்லிமீட்டர். 4.50இல் 6.1. 4.49இல் 5.3, இரண்டாவது குரூப்பும் 5.4. பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரே ஒரு குண்டு சுட்ட மாதிரி வட்டமாக இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாகப் பிசிறு. நாங்கள் எட்டு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தது 4.51. கிளாம்பில் பூட்டி வைத்த துப்பாக்கியே 7 மில்லிமீட்டருக்குப் பரப்பினால், குழந்தை எவ்வளவு நேர்த்தியாக விட்டாலும் சில குண்டு 10.5க்கு மேலே போக வழியே இல்லை, அதன் மேல் அவள் கையின் அசைவும் சேர்கிறது. அந்தப் பேப்பரை அவளிடம் காட்டி, நீ சொன்னதுதான் சரி என்று சொன்னேன்.

பக்கத்து லேன் பையனின் துப்பாக்கி எங்களுடைய அதே மாடல். அவனுக்கு 4.50தான் நன்றாக உட்கார்ந்தது. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 என்கிற வேறு பிராண்ட் பெல்லட் வைத்திருந்த இன்னொரு அக்காவுக்கு அதன் குரூப்பும் எங்களுடையதற்கு ஈடாகத்தான் வந்தது. ஆக பிராண்டைப் பற்றிச் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டுமே ஜெர்மனியில் செய்வது, இரண்டுமே போட்டித் தரம். எனக்கு ஃபினாலே மேட்சில் பிடித்தது, டின்னுக்குள் கெட்ட குண்டு அபூர்வம். 500இல் நான் தூக்கிப்போட்டது ஐந்தாறுக்கு மேல் போனதில்லை.

அளவு சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், லாட் நம்பரையும், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்கிற எண்ணையும், குறித்து வையுங்கள். பெல்லட் அச்சில் அழுத்திச் செய்வது. எந்த அச்சும் தேயும், மாற்றுவார்கள், ஈயமும் கலவைக்குக் கலவை கொஞ்சம் மாறும். எங்களுக்கு அடுத்து வந்த 4.49 டின் வேறு லாட், குரூப் 5.7 ஆனது. மோசமில்லை, ஆனால் முதல் டின் மாதிரி இல்லை. இப்போது பிடித்த லாட் கிடைத்தால் கையில் இருக்கிற காசுக்கு எத்தனை டின் வருமோ அத்தனையும் வாங்கிவிடுகிறேன். ஒரு போட்டிக்குச் சைட்டரோடு (முதலில் குறி சரிபார்க்கச் சுடுகிற குண்டு) சேர்த்து எண்பது, தொண்ணூறு போகும் என்று வையுங்கள், ஒரு டின் ஐந்து போட்டி தாங்கும். நல்ல லாட்டைப் போட்டிக்கும் அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்கும் மட்டும் எடுக்கிறோம். தினமும் நூறு குண்டு சுடுகிற பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட், அதிலும் தலை அளவு பார்த்து.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு விஷயம். கடல் காற்று. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் இரும்பு ஜன்னல் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும், ஈயமும் சும்மா இருக்காது. மூடி சரியாக மூடாத ஒரு டின்னை மழைக்காலத்தில் அலமாரியில் விட்டுவிட்டேன், இரண்டு மாதத்தில் குண்டின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு. அதைப் போட்டிக்கு எடுக்க முடியாது, கையில் தொடவும் நல்லதில்லை. இப்போது ரப்பர் வளையம் வைத்த சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டின்னை வைக்கிறேன், அந்த டப்பா மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட் பாக்கெட்டைத் தொட விடமாட்டேன்.

இன்னொன்று ஆட்டம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் பெட்டியில் டின் போனால் உள்ளே 500 குண்டும் ஒன்றோடொன்று இடித்து ஸ்கர்ட் நசுங்கும். டின்னில் வருகிற ஸ்பாஞ்சைத் தூக்கி எறியாதீர்கள், குண்டு குறையக் குறைய இன்னொரு துண்டை மேலே திணியுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நாங்கள் அதில்தான் போகிறோம், டின் அவள் மடியில்.

துப்பாக்கியில் குண்டைத் தள்ளுகிற காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெல்லட்டுக்கு இவ்வளவு பார்த்த நான் அதில் ஏமாந்தேன். துப்பாக்கியைப் பழையதாக ஒருவரிடம் வாங்கினோம். பேரல் அருமை, விலையும் நியாயம் என்று தோன்றியது. சிலிண்டரின் மேல் பொறித்திருந்த தேதியை நான் பார்க்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. 200 பார் அழுத்தம் தாங்கும் சிலிண்டர் அது, தயாரித்தவர் கொடுத்த ஆயுள் பத்து வருஷம். அதில் ஒன்பதரை ஓடிவிட்டிருந்தது. சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது, போட்டியில் கருவி பரிசோதனைக்கு வைக்கும்போது தேதியைத் திருப்பிப் பார்ப்பார்கள். புது சிலிண்டருக்கு நான் கொடுத்த பணத்தில் அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் பெல்லட் வாங்கியிருக்கலாம். பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் படித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

புதியதை இப்போது பக்குவமாக வைத்திருக்கிறோம். முழுக்கக் காலியாக விடுவதில்லை, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஃபில்டர் வைத்த கம்ப்ரஸரில் நிரப்பிய டேங்கிலிருந்து மட்டும் ஏற்றுகிறோம், வெயிலில் வண்டியில் விடுவதே இல்லை. பழையதைக் கேட்டு ஒருவர் வந்தார், பயிற்சிக்கு மட்டும்தானே, கொடுங்கள் என்று. கொடுக்கவில்லை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வைக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய் நடுவில் அறுத்துவிட்டேன்.