மூன்றாவது பெட்டி: காற்றிலா, கேபிளிலா?

இரண்டு பெட்டி மெஷ் வைஃபை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாகத் தருவது) வாங்கி மாட்டியாயிற்று. கீழ் வீடு முழுக்கப் பிரச்சினை இல்லை. மாடி அறையில் மட்டும் வீடியோ கால் திணறுகிறது. கடையில் கேட்டால் "இன்னொரு யூனிட் போட்டுடுங்க சார்" என்பார்கள். போடலாம். ஆனால் அந்த மூன்றாவது பெட்டிக்கு நெட் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதில்தான் காரியமே இருக்கிறது. எந்த மாடல் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

காசு செலவழிக்கும் முன் இருக்கிற இரண்டாவது யூனிட்டை நகர்த்திப் பாருங்கள். பலரும் அதைச் சிக்னலே இல்லாத அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கே போனுக்கு எட்டாதது யூனிட்டுக்கு மட்டும் எப்படி எட்டும்? நம் வீடுகளில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரைவிடக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம்தான் பெரிய எதிரி. தளத்தில் திறந்திருக்கும் ஒரே இடம் மாடிப்படி. படி திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு யூனிட்டை வைத்தாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

அப்படியும் முடியவில்லை என்றால் சுலபமான வழி, அதே பிராண்டில் இன்னொரு யூனிட்டைக் கம்பியில்லாமல் சேர்ப்பது. ஆப்பில் நாலு தட்டு, முடிந்தது. குறை எங்கே என்றால், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு ரேடியோ உள்ள டூயல்-பேண்ட் யூனிட்டில் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் முந்தைய பெட்டியிடம் வாங்கவும் வேண்டும், உங்கள் போனுக்குக் கொடுக்கவும் வேண்டும். பெட்டி விட்டுப் பெட்டி போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். மூன்றாவது பெட்டி இரண்டாவதிடமிருந்து வாங்கினால் அந்தப் பாதியிலும் பாதி. உங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ் என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், மிச்சமிருப்பதே போதும். 300-க்கு மேல் கட்டணம் கட்டுகிறவர்களுக்குத்தான் இது வயிற்றெரிச்சல்.

ட்ரை-பேண்ட் யூனிட்டுகளில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு ரேடியோ இருக்கும். பாதியாகும் தொல்லை பெருமளவு குறையும், உண்மைதான். ஆனால் பல மாடல்களில் அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ்தான். தளத்தைக் கண்டால் அதுவும் தளர்ந்துபோகும். ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் ஃபிளாட்டுக்கு அது சரி. மாடி வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசை நான் கொடுக்க மாட்டேன்.

வாங்கும் முன் எது எதோடு சேரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிபி-லிங்க் கம்பெனியின் மெஷ் வரிசையான டெகோவில் எந்த மாடலும் எந்த மாடலோடும் சேரும்; இருப்பதில் வலுவானதை மெயினாக வைத்தால் போதும். ஆனால் அதே கம்பெனியின் இன்னொரு மெஷ் முறையான ஒன்மெஷ் ரவுட்டரை டெகோ சேர்த்துக்கொள்ளாது. கூகுள் வைஃபையும் நெஸ்ட் வைஃபையும் ஒத்துப்போகும், 2022-இல் வந்த நெஸ்ட் வைஃபை புரோ இரண்டோடும் சேராது. ஏசுஸில் ஏஐமெஷ் என்ற அவர்களுடைய மெஷ் வசதியுள்ள பழைய ரவுட்டரையே யூனிட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி கேபிள். என் ஓட்டு இதற்குத்தான். மெயின் யூனிட்டிலிருந்து மாடிக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் போய்விட்டால் தளம், சுவர், தாவல் எல்லாக் கணக்கும் ஒழிந்தது. சாதாரண கேட்5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். சுவரை உடைக்க வேண்டுமே என்று பயப்படுவார்கள். கட்டும்போதே டிவிக்காகப் பதித்த பைப் பல வீடுகளில் இருக்கிறது. அதில் சும்மா கிடக்கும் பழைய டிஷ் வயரின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி மறுமுனையில் இழுத்தால் அதுவே வழிகாட்டிக் கொண்டுபோகும். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் நுழைக்காதீர்கள். வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிளாக வாங்குங்கள். இடி மழைக்காலத்தில் போர்ட் கருகும் ஆபத்து இருப்பதால் அப்போது கழற்றிவிடுவது நல்லது.

கேபிளிலும் ஏமாறலாம். உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்புக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், வேண்டாம். கனெக்டர் அடிப்பவர் அவசரத்தில் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் அடித்துவிட்டுப் போனால் 100 எம்பிபிஎஸ்தான் வரும், எட்டும் வேண்டும். பெட்டியின் போர்ட்டும் முக்கியம்: டெகோ இ4-இல் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட்தான், எம்4-இல் ஜிகாபிட், அதாவது 1 ஜிபிபிஎஸ். நெஸ்ட் வைஃபையின் கூடுதல் யூனிட்டான பாயிண்டில் ஈதர்நெட் போர்ட்டே கிடையாது.

கேபிள் போட்டபின் புதுப் பெட்டி கூட அவசியமில்லை. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் பரப்பும் நிலை) போட்டு, அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை நடக்கும். படியேறும்போது போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கலாம். மாடியில் டிவியும் கம்ப்யூட்டரும் மட்டும் என்றால் அதுவும் கவலையில்லை.

மின்கம்பி வழியாகவே நெட் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். த்ரீ-ஃபேஸ் வீட்டில் கீழே ஒரு ஃபேஸ், மாடி வேறு ஃபேஸ் என்றிருந்தால் வேகம் படுத்துவிடும், சில சமயம் இணையவே இணையாது. மாடிக்குத் தனி மீட்டர் என்றால் நினைக்கவே வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் சோதித்துப் பார்க்கலாம். சுவரில் செருகும் மலிவு எக்ஸ்டெண்டரோ, மெஷ் வைத்திருப்பவருக்குத் தேவையே இல்லாத சரக்கு.

எதை வாங்கினாலும், கரண்ட் போனாலும் நெட் ஓட மூன்றாவது பெட்டி இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில்தான் இருக்க வேண்டும். மாடியில் அப்படி ஒரு பிளக் இல்லையென்றால், ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு.