கம்போசிட் வீடியோவும் எஸ்-வீடியோவும்: ஓர் ஒப்பீடு

அனலாக் வண்ணத் தொலைக்காட்சியின் படச் சைகையில் இரண்டு கூறுகள் உண்டு: வெளிச்ச அளவைத் தரும் லூமா, நிறத்தைத் தரும் குரோமா. படம் தரும் கருவியைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் முறைகளில், கம்போசிட் வீடியோ இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புகிறது; எஸ்-வீடியோ தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது.

கம்போசிட் முறையில் குரோமா, என்.டி.எஸ்.சி. என்ற வண்ணத் தொலைக்காட்சித் தரத்தில் சுமார் 3.58 மெகாஹெர்ட்ஸ், பி.ஏ.எல். என்ற தரத்தில் சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள துணை ஊர்தி அலையில் (நிறத்தைச் சுமந்து செல்லும் அலை) ஏற்றப்பட்டு, லூமாவின் அலைவரிசைக்குள்ளேயே செருகப்படுகிறது. எனவே சட்டையின் நெருங்கிய கோடுகளைத் தொலைக்காட்சி நிறமென்று தவறாகப் புரிந்துகொண்டு வானவில் சாயல் காட்டும். வண்ண விளிம்புகளில் புள்ளிகள் ஊர்வதுபோல் தோன்றும். லூமாவையும் குரோமாவையும் மீண்டும் பிரிக்கும் எளிய வடிகட்டி இவற்றைக் குறைக்கும்போது நுண்விவரங்களும் போய்விடுகின்றன. அடுத்தடுத்த வரிகளை ஒப்பிடும் சீப்பு வடிகட்டி மேலானது, ஆனால் குறையற்றதன்று.

எஸ்-வீடியோவில் இந்தப் பிரிப்பு வேலையே இல்லாததால் எழுத்துகளும் விளிம்புகளும் தெளிவாகின்றன. எனினும் குரோமா இங்கும் அதே துணை ஊர்தி அலையில்தான் வருகிறது. ஆகவே நிறத்தின் நுட்பம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை.

பலர் கவனிக்கத் தவறுவது மூலத்தின் தன்மையை. லேசர்டிஸ்க் என்ற பழைய படத்தட்டைப் போலப் பதிவே கம்போசிட்டாக இருந்தால், எஸ்-வீடியோ இணைப்பு பிரிக்கும் வேலையைத் தொலைக்காட்சியிலிருந்து தட்டை இயக்கும் கருவிக்கு மாற்றுகிறது, அவ்வளவே. இரண்டில் எதன் வடிகட்டி சிறந்ததோ அதற்கேற்ற இணைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். லூமாவையும் குரோமாவையும் பிரித்தே பதிவுசெய்யும் எஸ்-வி.எச்.எஸ். வீடியோ நாடாவுக்கோ எஸ்-வீடியோவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.