இங்கிலாந்தில் பழைய மாளிகை ஹோட்டல்: கட்டடமா, கம்பெனியா?

கட்டடத்தை நேரடியாக வாங்கலாம். அல்லது அதை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை வாங்கலாம். 2021-இல் ரிலையன்ஸ் பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோக் பார்க் மாளிகை ஹோட்டலை 5.7 கோடி பவுண்டுக்கு எடுத்தது பங்கு வழியில்தான். பங்குக்கு முத்திரை வரி 0.5%. சொத்தாக வாங்கினால் 2.5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு 5%. அதே 5.7 கோடி விலைக்கு வரி 2.85 லட்சம் பவுண்டு எங்கே, 28 லட்சம் எங்கே! மதுபான உரிமமும் கம்பெனி பெயரிலேயே தொடரும்.

ஆனால் கம்பெனியோடு பழைய வரிபாக்கி, வழக்கு, கடன் எல்லாம் கூடவே வரும். கணக்குகளை அலசாமல் கையெழுத்திடுவது வம்பு. கட்டடத்தைத் தொழிலோடு வாங்கினால் அவை பெரும்பாலும் விற்றவரிடமே நின்றுவிடும். ஊழியர்கள் மட்டும் பழைய நிபந்தனைகளோடு வருவார்கள்.

இரண்டிலும் தப்பாத ஒன்று: பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி ஜன்னலை மாற்றியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்கே வரும். மாற்றி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அந்த நோட்டீஸ் அனுப்பக் காலக்கெடு கிடையாது.