ஃபைப்ரோஸ்கேன்: எண் சரி, எடுத்த விதம் சரியா?

கல்லீரலில் ஊசி குத்தாமல், அது தழும்பேறி இறுகும் சிரோசிஸைக் கணிக்கும் கருவிகளில் அதிகம் புழங்குவது, பிரான்ஸின் எக்கோசென்ஸ் நிறுவனம் 2003 வாக்கில் கொண்டுவந்த ஃபைப்ரோஸ்கேன்தான். பத்து நிமிடத்தில் முடியும், வலி கிடையாது, விலாவில் லேசாகச் சுண்டுவது போல இருக்கும். கருவியில் பெரிய குறை இல்லை. எடுப்பதிலும் படிப்பதிலும்தான் கோளாறு வருகிறது.

விலாவில் வைக்கும் கைக்கருவியான புரோபின் முனை 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றை உள்ளே அனுப்பும். அது பரவும் வேகத்தை அதே முனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் அளக்கும். ஈரல் இறுக இறுக வேகம் கூடும். அதுதான் 1.5 முதல் 75 வரையிலான கிலோபாஸ்கல் எண்ணாகத் திரையில் வருகிறது.

ஸ்கேனுக்கு முன் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடி எண்ணும் ஏறிவிடும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்தால் விலா இடைவெளி விரியும். புரோப் தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். உடல் பருத்தவருக்கு இன்னும் ஆழத்தில் அளக்கும் எக்ஸ்எல் புரோப் தேவை. வழக்கமான எம் புரோப் தோலிலிருந்து 25 மி.மீ. ஆழத்திலேயே அளக்கத் தொடங்குவதால், கொழுப்பு அடுக்கு தடித்தவர்களிடம் அளவே கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் தவறாக இருக்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கலை அல்ல. செல்லுபடியான அளவீடுகள் 10 இருக்கின்றனவா, ஐக்யூஆர் என்ற சிதறல் அளவு மீடியனில் (அளவீடுகளின் நடு எண்) 30 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். மீடியன் 12.4, ஐக்யூஆர் 1.6 என்றால் 13 சதவீதம், நம்பலாம். அதே 12.4-க்கு ஐக்யூஆர் 5.1 என்றால் 41 சதவீதம், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஐக்யூஆரே அச்சிடாத ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

எண் சரியாக வந்தும் தழும்பைக் காட்டாத சமயம் உண்டு. ஈரல் நொதியான எஸ்ஜிபிடி பல மடங்கு எகிறிய ஹெபடைடிஸ் (ஈரல் அழற்சி), பித்தநாள அடைப்பு, இதயம் பலவீனமாகி ஈரலில் ரத்தம் தேங்குவது, அண்மையில் அளவுக்கு மீறிக் குடித்தது ஆகிய நான்குமே விறைப்பைக் கூட்டிக் காட்டும். அது தணிந்த பிறகு எடுத்தால்தான் அர்த்தம்.

ஈரல் மருத்துவர்களின் பாவெனோ 7 வழிகாட்டுதல் கிலோபாஸ்கல் எண்ணுக்கு 5, 5-ஆகப் படி வைக்கிறது. வேறு அறிகுறி இல்லாமல் 10-க்குக் கீழ் என்றால் முற்றிய நோய் இல்லை. 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் உண்டு. 25-ஐத் தொட்டால் போர்ட்டல் அழுத்தம் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தின் அழுத்தம்) கவலைக்குரிய அளவுக்கு ஏறிவிட்டது என்று கொள்ளலாம், ஆனால் பருமனுடன் வரும் கொழுப்பு ஈரலுக்கு இந்த 25 அவ்வளவு பொருந்தாது. கருவியின் உண்மையான பலம் ‘இல்லை’ என்று சொல்வதில். 20-க்குக் கீழ் இருந்து, பிளேட்லெட்டும் 1,50,000-க்கு மேல் இருந்தால், உணவுக்குழாய் ரத்தக்குழாய் புடைப்பைத் தேடும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம். ஸ்கேனோடு பிளேட்லெட் எண்ணிக்கையையும் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

வயிற்றில் நீர் கோர்த்தவருக்கு இது உதவாது. அதிர்வு அந்த நீரைத் தாண்டி ஈரலைச் சேராது. அவர்களுக்கு சாதாரண அல்ட்ராசவுண்ட் மெஷினிலுள்ள, விறைப்பை அளக்கும் ஷியர் வேவ் முறை கைகொடுக்கலாம், அதில் அலை ஈரலுக்குள்ளேயே உண்டாக்கப்படுகிறது. ஆனால் இரண்டின் வரம்பு எண்களும் வேறு, ஒன்றை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. எம்ஆர்ஐ கருவியில் விறைப்பை அளக்கும் எம்ஆர் எலாஸ்டோகிராபி ஈரலின் பெரும்பகுதியைக் காட்டும். இரும்புச் சத்து மிகுதியாகப் படிந்த ஈரலில் அதுவும் தோற்கும்.

பெயரில் ஸ்கேன் இருப்பதால் புற்றுநோய்க் கட்டியையும் இது பார்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்காது. சிரோசிஸ் உள்ளவர் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும், கூடவே ஈரல் புற்றுநோயைக் குறிகாட்டும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் செய்வது வழக்கம். சிரோசிஸில் வரக்கூடிய மூளைக் குழப்பத்தையும் இந்தக் கருவி பிடிக்காது. அதற்கு 60 நொடியில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று வீட்டிலேயே எண்ணலாம். 10-ஐ எட்டவில்லை என்றால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.