துளைமுனையைப் பின்தொடர நடப்பதா, கம்பி இழுப்பதா? எச்.டி.டி. வழிகாட்டும் கருவிகள் குறித்த ஓர் ஒப்பீடு

சாலையை வெட்டாமல் மண்ணுக்கடியில் துளையிட்டுக் குழாயோ கேபிளோ இழுக்கும் எச்.டி.டி. (ஹாரிசான்டல் டைரக்‌ஷனல் டிரில்லிங்) பணியில், துளைமுனை எங்கே இருக்கிறது என்று அறிய முக்கியமாக இரண்டு முறைகள் உள்ளன. வாக்ஓவர் முறையில், மண்ணைத் துளைக்கும் பிட்டுக்குப் பின்னால் உள்ள ஹவுசிங்கில் (உறையில்) சோண்ட் என்னும் சிறிய ட்ரான்ஸ்மிட்டரைப் பொருத்துகிறோம். அதன் காந்தப்புலத்தை, மேலே ரிசீவருடன் நடப்பவர் பிடிக்கிறார். ஒயர்லைன் முறையில் மேலே யாரும் நடக்கத் தேவையில்லை. புவியின் காந்தப்புலத்தையும் ஈர்ப்புத் திசையையும் அளக்கும் உணரிகள், பிட்டைத் தள்ளும் ராடுகளுக்குள் செல்லும் கம்பி வழியாகத் தகவலை ரிக்குக்கு (துளையிடும் இயந்திரத்துக்கு) அனுப்புகின்றன.

ஆழம் குறைவென்றால் முதலாவது, அதிகமென்றால் இரண்டாவது என்று தளத்தில் சொல்லப்படும் விதி பாதிதான் சரி. சோண்டின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஆழம் இரட்டித்தால் சிக்னல் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது உண்மையே. ஆனால் துளைக்கு நேர் மேலே நடக்க முடியுமா, அங்குள்ள இடையூறு எத்தகையது என்ற இரண்டு கேள்விகளையும் ஆழத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இடையூறு இரு வகைப்படும். மின்கேபிள், சிக்னல் கம்பங்களின் வயரிங் போன்றவை தாமே அலைகளை வெளியிடுபவை. சோண்டை அணைத்துவிட்டு, துளை செல்லும் வழி முழுவதும் ரிசீவருடன் நடந்தால் இவை தெரிந்துவிடும். டிஜிட்ராக் ஃபால்கன் போன்ற கருவிகள் 4.5 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளை அலசி, இரைச்சல் குறைந்தவற்றைத் தேர்ந்து கொள்வது இதற்காகத்தான். மற்ற வகை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலை, பழைய இரும்புக் குழாய், உப்புநீர் ஆகியவை. இவை எதையும் வெளியிடுவதில்லை. சோண்டின் சிக்னலை விழுங்கவோ திரிக்கவோ செய்கின்றன. ஆகவே இரைச்சல் சோதனையில் இவை தென்படவே மாட்டா. கம்பி வலைக்கு அடியில் 1 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலைவரிசை ஓரளவு கைகொடுக்கும்.

விலை கூடிய ஒயர்லைன் இத்தொல்லைகளிலிருந்து தப்பிவிடும் என்று நம்புவோர் உண்டு. அது தவறு. அதன் திசைமானியே புவியின் காந்தப்புலத்தைத்தான் நம்பியிருக்கிறது. அருகில் எஃகுத் தகடோ பெரிய குழாயோ இருந்தால் திசை விலகும். 1 டிகிரி பிழை 100 மீட்டரில் ஏறக்குறைய 1.75 மீட்டர் பக்கவாட்டு விலகலாகிவிடும். இதைத் திருத்தவே தரையில் கம்பிச் சுருள் விரித்து மின்னோட்டம் செலுத்தி, இடம் தெரிந்த ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறார்கள். அச்சுருளின் மூலைகளைத் தவறாக அளந்தால் திருத்தமும் தவறாகிவிடும். உணரிகளைச் சுற்றிக் காந்தத்தன்மையற்ற காலர் (உறைக்குழல்) வேண்டும், ஒவ்வொரு ராடிலும் கம்பியை ஒட்டவைக்க வேண்டும், ஒட்டு அறுந்தால் வேலை நிற்கும். எஃகு மிகுந்த இடத்தில் காந்தத்தை நம்பாத கைரோ கருவியே பொருத்தம். அதன் செலவு சிறு பணிகளுக்குக் கட்டுப்படியாகாது.

வாக்ஓவரில் பெரும்பாலான பிழைகள் ஆயத்த நிலையிலேயே நுழைகின்றன. சோண்டை ஹவுசிங்குக்குள் வைத்த பின்னர், இரும்பு இல்லாத வெளியில், கையேடு சொல்லும் தூரத்தில் (பல கருவிகளுக்கு 3 மீட்டர்) கேலிபரேஷன் (தெரிந்த தூரத்துக்கு ஒப்ப ரிசீவரைச் சரிசெய்தல்) செய்ய வேண்டும். டேப்பைத் தவறான இடத்தில் பிடித்து 2.7 மீட்டரை 3 மீட்டர் என்று பதிந்தால், உண்மையில் 4.5 மீட்டர் ஆழத்தில் உள்ள முனையை ரிசீவர் 5 மீட்டர் என்று காட்டும். குடிநீர்க் குழாய்க்கு அடியில் செல்வதாக எண்ணிக்கொண்டு அதையே துளைத்துவிட அந்த அரை மீட்டர் போதும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. சமதரையில் முனை கிடைமட்டமாக இருக்கும்போது, முனைக்கு முன்னும் பின்னும் தரையில் ரிசீவர் கண்டுபிடிக்கும் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்து 0.7 ஆல் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். இது புலத்தின் வடிவத்தைச் சார்ந்தது, கேலிபரேஷனைச் சார்ந்ததன்று. திரையில் காணும் ஆழத்துடன் இது ஒத்துப்போகாவிட்டால் துளையிடுவதை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். புதியவர்கள் முன்புள்ளியையே முனை என்று குறித்துவிடுவதும் உண்டு. முனை அதற்குப் பின்னால், ஆழத்தில் 0.7 பங்கு தள்ளி இருக்கும்.

நகரச் சாலையைக் குறுக்கே கடக்கும் கண்ணாடியிழைக் கேபிளுக்கு நான் பல அலைவரிசை வாக்ஓவரையே எடுப்பேன். சென்னையின் அடையாறு முகத்துவாரம் போன்ற உவர்நீர்ப் பரப்பில் கதை வேறு: நடக்க இடமில்லை, உப்புநீர் சிக்னலைக் குறைக்கிறது, அசையும் படகிலிருந்து எடுக்கும் அளவை நம்ப முடியாது. அங்கே ஒயர்லைன்தான் சரி. சுருளை விரிக்க இரு கரைகளிலும் அளவையாளர் குறித்த புள்ளிகள், துளையிடத் தொடங்குவதற்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும்.