கழுத்துத் தலையணைக்கு மாற்று: துண்டா, சேலையா, துணி திணித்த லெக்கின்ஸா?

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே போகிறவர்களில், கழுத்து பிடித்துக்கொள்ளாமல் விடியலில் இறங்குகிறவர்கள் குறைவு. இதற்காகவே பலர் யூ வடிவக் கழுத்துத் தலையணையை வாங்குகிறார்கள். வீட்டில் இருக்கும் துணிகளைக் கொண்டே அதைவிட நல்ல தாங்கலைச் செய்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து. எந்த இருக்கையில் எது பொருந்தும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ எடை இருக்கும். விழித்திருக்கும்வரை கழுத்துத் தசைகள் அதை நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன. தூக்கம் ஆழ ஆழ அவை தளர்ந்து, கனவு வரும் கட்டத்தில் ஏறக்குறைய முழுவதுமாகவே இளகிவிடுகின்றன. பின்பக்கம் இருக்கையின் சாய்வு இருப்பதால், தலை முன்னாலோ பக்கவாட்டிலோதான் விழும். ஆகவே தாங்கல் தேவைப்படுவது தாடைக்கு அடியிலும் காதுக்குக் கீழேயும்தான். கடைத் தலையணையோ பெரும்பாலும் பிடரிப் பக்கம் தடித்தும் முன்பக்கம் திறந்தும் இருக்கிறது. அந்தத் தடிப்பே தலையை முன்னால் தள்ளிவிடுகிறது. ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருப்பவர்கள் முன்பின்னாகத் திருப்பி, திறப்பு பிடரியில் வரும்படி மாட்டிப் பார்க்கலாம். பாதிக் குறை அப்போதே தீர்ந்துவிடும்.

மாற்றுகளில் நான் முதலிடம் கொடுப்பது குளித்துத் துவட்டும் சாதாரண டர்க்கி டவலுக்கு. 75 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள டவலை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டினால் நீண்ட கயிறுபோல வரும். அதை நடுவில் மடித்து, இரண்டு புரிகளையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். வெறுமனே சுருட்டிய துண்டு பேருந்தின் குலுக்கலில் கொஞ்ச நேரத்திலேயே பிரிந்து தொளதொளத்துவிடும். முறுக்கியது அப்படிப் பிரிவதில்லை. தலையில் கூடை சுமக்கிறவர்கள் சும்மாட்டை முறுக்கிக் கட்டுவதும் இதே காரணத்தால்தான். முறுக்கிய துண்டின் தடித்த நடுப்பகுதி தாடைக்கு அடியிலும், இரு முனைகளும் காதுகளுக்குக் கீழே சென்று தோளுக்குப் பின்னாலும் வரும்படி அணிந்துகொண்டு இருக்கையில் சாய்ந்தால், முதுகின் அழுத்தமே முனைகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். பின்னால் முடிச்சுப் போடத் தேவையில்லை, போடவும் கூடாது. தொண்டைக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மெல்லிய ஈரிழைத் துண்டு என்றால் ஒன்று போதாது, இரண்டைச் சேர்த்தே சுருட்ட வேண்டும். ஆனால் சித்திரை வெக்கையில் ஏசி இல்லாத பேருந்தில் போகும்போது கழுத்து வியர்த்துப் பிசுபிசுக்காமல் இருப்பது இதில்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் குளிக்க உதவுவதும், அழுக்கானால் அலசிக் காயப்போட முடிவதும் துண்டுக்கே உரிய நன்மைகள்.

துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன பழைய சுங்குடிச் சேலை துண்டுக்கு அடுத்த இடத்தில் வருகிறது. ஐந்தரை மீட்டர் பருத்தித் துணி என்பதால் வேண்டிய தடிமனுக்கு மடிக்கலாம், பாதியைக் கழுத்துக்கு வைத்துக்கொண்டு மீதியை ஏசிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய துணி டர்க்கி டவலைப்போல ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது, விரைவில் நழுவும். வேட்டிக்கும் இதே குறைதான்.

லெக்கின்ஸ் அல்லது நைட் பேண்டின் கால்களுக்குள் மறுநாளைக்கான துணிகளைத் திணித்துச் செய்யும் தாங்கல், வடிவத்தில் கடைத் தலையணைக்கு மிக நெருங்கியது. எங்கே தடிப்பு வேண்டுமோ அங்கே கூடுதலாகத் திணித்துக்கொள்ளலாம் என்பதால், உயரமான கழுத்து உள்ளவர்களுக்குத் துண்டைவிட இதுவே பொருந்தக்கூடும். ஆனால் உள்ளே வைக்கும் துணியில் பொத்தானோ ஜிப்போ இருந்தால் இரவு முழுவதும் தாடையில் குத்தும். பனியன், சாக்ஸ் போன்றவற்றை மட்டும் திணிப்பதே நல்லது.

சன்னலோர இருக்கை கிடைத்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குக் கழுத்தைச் சுற்றி எதுவும் வேண்டியதில்லை. தோளுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பினால் போதும். இதற்குப் போடிநாயக்கனூர்ப் பக்கம் கிடைக்கும் இலவம்பஞ்சில் தைத்த குட்டித் தலையணைக்கு நிகரில்லை: எடையே தெரியாது, ஈரத்தையும் எளிதில் உறிஞ்சாது. நாளடைவில் பஞ்சு அமுங்கிவிடும் என்பது உண்மைதான். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டியெடுத்தால் மறுபடியும் உப்பிக்கொள்ளும். கண்ணாடியில் நேராகத் தலையைச் சாய்ப்பது மட்டும் வேண்டாம். சாலையின் அதிர்வெல்லாம் மண்டைக்குள் இறங்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் இந்தச் சன்னல் வசதியும் பாதிதான் உதவும். ஒரு வளைவு உடலைச் சன்னல் பக்கம் தள்ளினால், அடுத்த வளைவு பக்கத்து இருக்கைக்காரர் தோளில் சாய்த்துவிடும். அங்கே முறுக்கிய துண்டுக்குத் திரும்புவதே நல்லது.

மடியில் பையை நிறுத்தி அதன்மேல் கவிழ்ந்து தூங்குவது வைகை எக்ஸ்பிரஸ் போன்ற பகல் ரயிலில் ஒரு மணி நேரக் குட்டித் தூக்கத்துக்குச் சரி. பேருந்தில் இதை நான் ஏற்கவே மாட்டேன்: ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தால் முகம் நேரே முன் இருக்கையின் கம்பியில் போய் மோதும். துப்பட்டாவால் தலையை இருக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது இதைவிட மோசம். தூக்கத்தில் உடல் கீழே சரிந்தால் அந்தக் கட்டு நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிடும்.

சிறு குழந்தைகளின் கழுத்தைச் சுற்றி இவற்றில் எதையும் வைக்கக் கூடாது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்களுக்கோ, துண்டையும் சேலையையும் ஆராய்வதைவிட, பாண்டியன் எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே கீழ்ப் படுக்கை பதிவுசெய்து கொடுப்பதுதான் செய்யவேண்டிய உதவி.