கோட்டைப் பாதாம் மரமும் மூன்று வெளுப்புகளும்

வேலூரில் மரங்கள் இலை உதிர்ப்பது தை, மாசியில். வேம்பு மஞ்சளோடு நின்றுவிடும். செக்கச்செவேல் என்று வேண்டுமானால் பாதாம் மரம்தான்.

போன மாசியில் கோட்டை அகழியோரம் ஒரு பாதாம் மரத்தை, பனி விலகாத காலையில், வேண்டுமென்றே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டி RAW கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்) எடுத்தேன். வானம் வெள்ளைத்தாள், அதில் நாற்பது ஐம்பது சிவப்பு இலை. அந்த ஒரே படத்தை மூன்று விதமாக ஹை-கீ, அதாவது பெரும்பாலும் வெளிர் நிறமான படம், ஆக்கிப் பார்த்தேன்.

முதலில், எடிட்டிங் ஆப்பில் வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷர் ஸ்லைடர். லைட்ரூமோ, போனில் ஸ்நாப்சீடோ, சங்கதி ஒன்றுதான்: வானத்தோடு சேர்ந்து இலையும் ஏறும். படத்தின் சிவப்பு, பச்சை, நீல சேனல் ஒவ்வொன்றும் 0 (இருட்டு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை போகும்; சிவப்பு இலையில் சிவப்பு சேனல்தான் முதலில் 255-ஐ முட்டும். அதற்குப் பிறகும் இழுத்தால் பச்சையும் நீலமும் மட்டும் ஏறி இலை ரோஸ் நிறத்துக்கு வெளிறிவிடும். நரம்பெல்லாம் போய், இலை இருந்த இடத்தில் ரோஸ் பவுடர் கொட்டினாற்போல இருந்தது. அவசரத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, போட்டோஷாப்பில் லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, கீழே உள்ளதை வெளுக்க வைக்கும் ஸ்கிரீன் மோடில் வைப்பது. இதன் கணக்கு எனக்குப் பிடிக்கும். 0 என்பது 0-வாகவே இருக்கும், 255-ம் அப்படியே; நடுவிலுள்ள 128 மட்டும் ஏறக்குறைய 192-க்குப் போகும். அதனால் கிளையின் கருமை அவ்வளவாகக் கெடாது, சாம்பல் பனி மட்டும் கரையும். இலையும் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும். அதற்கு மாஸ்க் (மேல் லேயரை வேண்டிய இடத்தில் மறைக்கும் திரை) போட்டு, மெல்லிய கருப்பு பிரஷ்ஷால் இலைமேல் மட்டும் தடவினால் சிவப்பு திரும்பி வரும். பொறுமை வேண்டும். நான் ஒவ்வொரு இலையாக உட்கார்ந்து தடவினேன். வீட்டில் காபி ஆறிப்போனதற்குத் திட்டும் வாங்கினேன்.

மூன்றாவது ஆர்ட்டன் முறை. 1980-களில் மைக்கேல் ஆர்ட்டன் என்ற புகைப்படக்காரர், கூர்மையான ஒரு ஃபிலிம் ஸ்லைடையும் ஃபோகஸ் விலகிய இன்னொன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். இரண்டு ஃபிலிம் சேர்ந்தால் இருளும் என்பதால் இரண்டையுமே கூடுதல் வெளிச்சத்தில் எடுத்தார். இன்று மங்கலாக்கிய லேயரை மல்டிப்ளையில் (கீழே உள்ளதை இருளாக்கும் மோட்) வைத்தால் அதேதான். ஏற்கெனவே வெளுத்த ஹை-கீ படத்துக்கு வாகாக இருக்கும் என்று நம்பித்தான் செய்தேன். பாதாம் இலை கைக்கும் பெரிசு. விளிம்பு கரைந்ததும் தண்ணீரில் குங்குமம் விழுந்த கதையாகிவிட்டது. அதையே வேம்பில் செய்தேன், பொடி இலைகள் புகைபோல மிதந்தன. ஆக வேம்புக்கு ஆர்ட்டன், பாதாமுக்கு ஸ்கிரீன்.

பழைய காகித டெக்ஸ்சரை மல்டிப்ளையில் போடுவதும் உண்டு. வெள்ளை வானத்தில் நன்றாக ஒட்டும், ஆனால் எல்லாப் படமும் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும்.

பிரிண்ட் போடும்போது நானே ஒரு தப்பு செய்தேன். வானத்தை 255-லேயே விட்டதில் அந்த இடத்தில் மை விழவே இல்லை. படம் எங்கே முடிகிறது, ஓரத்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இரண்டாம் முறை லெவல்ஸ் கருவியில் அவுட்புட் வெள்ளையை, அதாவது படத்தின் உச்ச வெளிச்சத்தை, 248-க்கு இறக்கியதும் விளிம்பு தெரிந்தது.